குழாயில் மூன்று தட்டு

படித்தது இரண்டாம் வகுப்பு வரைதான் என்றாலும் எனக்குத் தந்தி அடிக்கத் தெரியும். இதைச் சொன்னால் வீட்டில் எல்லாரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஆம்பூர் ரயிலடியில் கோட்டுப் போட்டுக்கொண்டு தந்தி அடித்தவருக்குச் சம்பளம் கொடுத்தார்கள், எனக்குக் கொடுக்கவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான். என்னுடைய தந்தி ஆபீஸ் ஒரு தோல் ஷாப்பின் பின்பக்க மதிலோரம், புங்கமரத்தடியில் இருந்தது. தோல் பதனிடும் இடத்தை எங்கள் பக்கத்தில் ஷாப்பு என்றுதான் சொல்வோம். அப்போது எனக்கு ஒன்பது வயது இருக்கும். நாட்டை வெள்ளைக்காரன் ஆண்டுகொண்டிருந்தான். ஷாப்பின் பட்டைக் கொட்டகையை என் பெரியப்பா ஆண்டுகொண்டிருந்தார்.

தோலைப் பதனிட ஆவாரம்பட்டை வேண்டும். மலையோரத்திலிருந்து வண்டி வண்டியாக வந்து இறங்கும் பட்டையை உரலில் போட்டு இடித்துத் தூளாக்குவது பெண்களின் வேலை. கொட்டகையில் வரிசையாகக் கல் உரல்கள் இருக்கும். பூண் போட்ட உலக்கைகள் ஒன்று மாற்றி ஒன்று விழுகிற சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கும். என் அம்மாவும் அங்கேதான் இடித்தாள். அப்பாவுக்கு அதே ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கித் தோலைப் புரட்டிப் போடுகிற வேலை. பெரியப்பா கொட்டகைக்கு மேஸ்திரி, அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன். இரண்டு பேருக்கும் வேலை வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். அதனால் எதைக் கேட்டாலும் அப்பாவின் வாயிலிருந்து ஒரே பதில்தான் வரும். "அண்ணன் சொன்னா சரிதான்."

அம்மா அப்படிச் சொல்ல மாட்டாள். ஆனால் அவள் வேறு எதையும்கூடச் சொல்ல முடியாது. எங்களில் தம்பி பெண்டாட்டி மூத்தாரோடு நேருக்கு நேர் பேசக் கூடாது, முகத்தைப் பார்த்து நிற்கவும் கூடாது. பெரியப்பா வீட்டுக்கு வந்தால் அம்மா முக்காட்டை இழுத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் போய் நின்று, "பாப்பா, களி ஆறிப் போவுதுன்னு சொல்லு" என்பாள். பெரியப்பா கூரையைப் பார்த்துக்கொண்டு, "வயித்துல எடமில்லன்னு சொல்லு பாப்பா" என்பார். இரண்டு பேருக்கும் காது நன்றாகவே கேட்கும். ஆனாலும் நான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பி ஒவ்வொன்றையும் ஒப்பித்தாக வேண்டும். நான் பக்கத்தில் இல்லாவிட்டால் அம்மா சுவரிடம் சொல்வாள். ஷாப்பிலும் இந்த மரியாதை கெடக் கூடாது என்று பெரியப்பாவே பார்த்து, அம்மாவின் உரலை மட்டும் கொட்டகையின் கடைக்கோடியில், மதிலைப் பார்த்தாற்போல் போட்டுக் கொடுத்திருந்தார். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். அவர் போட்டுக்கொண்ட மண் அது.

முதலில் கைக்குழந்தைகள் எல்லாம் கொட்டகைக்குள்ளேதான் இருந்தன. உத்தரத்தில் தூளி கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். அழுதால் உலக்கையைச் சாய்த்து வைத்துவிட்டுப் பால் கொடுத்துவிட்டு வருவார்கள். ஒரு நாள் மெட்ராசிலிருந்து தோல் வாங்கும் துரை ஒருவர் ஷாப்பைப் பார்க்க வந்தார். முதலாளியும் பெரியப்பாவும் கைகட்டிப் பின்னால் வந்தார்கள். துரை சரியாக எங்கள் தூளிக்குக் கீழே நின்று பட்டைத் தூளைக் கையில் அள்ளி முகர்ந்து பார்த்தார். தூளியில் கிடந்த என் தம்பி அந்த நேரம் பார்த்து மூத்திரம் பெய்தான். துரையின் தொப்பி நனைந்துவிட்டது. துரையே சிரித்துவிட்டாராம். முதலாளியும் சிரித்தாராம். சிரிக்காதவர் பெரியப்பா ஒருவர்தான்.

மறுநாளே தூளிக் கயிறுகள் அவிழ்ந்தன. "இனிமே புள்ளைங்க மதிலுக்கு அந்தாண்ட. மத்தியானம் மணி அடிச்சா பால் குடுத்துக்கோங்க. நடுவுல யாரும் வேலைய வுட்டுட்டுப் போவக் கூடாது" என்று சொல்லிவிட்டார். மதிலுக்கு அந்தாண்டை புங்கமரக் கிளைகளில் ஆறு தூளிகள் தொங்கின. ஆட்டுவதற்கு ஆள் வேண்டும் என்று என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திக் கொண்டுவந்து விட்டார்கள். தோல் நாற்றம் அடிக்கிறது என்று வாத்தியார் என்னைக் கடைசியில் சன்னலோரம் தள்ளித்தான் உட்கார வைத்திருந்தார். ஆகையால் விட்டதில் எனக்குப் பெரிய துக்கம் ஒன்றும் இல்லை.

துக்கமெல்லாம் புங்கமரத்தடியில்தான் இருந்தது. ஆறு குழந்தைகளில் ஏதாவது ஒன்று அழுதுகொண்டே இருக்கும். மதிலுக்கு உள்ளே உலக்கைச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்காது. மத்தியான மணி அடித்துப் பின்கதவு திறந்ததும் பெண்கள் ஓடி வருவார்கள். ஒவ்வொருத்தியின் சேலையும் நெஞ்சில் நனைந்திருக்கும். குழந்தைகளோ அழுது அழுது களைத்து, பால் குடிக்கவும் தெம்பில்லாமல் கிடக்கும். நாலு நாள் அம்மா பார்த்தாள். ஐந்தாம் நாள் காலையில் ஷாப்புக்குப் போகிற வழியில் என்னிடம் ஒரு கூழாங்கல்லைப் பொறுக்கிக் கொடுத்தாள்.

மதிலின் அடியில் பழைய இரும்புக் குழாய் ஒன்று இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு காலத்தில் தொட்டிக்குத் தண்ணீர் போன குழாய். அதன் உள்முனை அம்மாவின் உரலடியில், அவள் கால் படுகிற இடத்தில் இருந்தது. நான் வெளிமுனையில் கல்லால் தட்டினால் அவள் பாதத்துக்குத் தெரியும். ஆறு குழந்தைக்கும் ஆறு தட்டு வைத்துக்கொண்டோம். என் தம்பிக்கு இரண்டு தட்டி, நிறுத்தி, இன்னும் இரண்டு. அணைக்கட்டுக்காரியின் பையனுக்கு ஒன்று, நிறுத்தி, இரண்டு. ஆலங்காயத்துக்காரியின் பெண் குழந்தைக்கு நிறுத்தாமல் மூன்று. மற்ற மூன்று பேருக்கும் இதே மாதிரி. வாக்கப்பட்டு வந்த பெண்களை எங்கள் ஊரில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, அவரவர் பிறந்த ஊர்தான் பேர். நானும் அம்மாவும் அவர்களுக்கு இன்னொரு பேர் வைத்துவிட்டோம்.

நான் தட்டியதை அம்மா அப்படியே உலக்கைப் பூணால் உரலின் விளிம்பில் தட்டுவாள். பட்டையில் விழுகிற சத்தம் வேறு, கல்லில் இரும்பு விழுகிற சத்தம் வேறு. தன் தட்டைக் கேட்டவள் உலக்கையைச் சாய்த்துவிட்டு, "வெளிக்குப் போய்ட்டு வர்றேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் பின்கதவு வழியாக வந்துவிடுவாள். பின்பக்கம் முழுக்கப் புதர்க்காடு, ஷாப்புக்குக் கக்கூசு அதுதான். பெரியப்பா மானஸ்தர். ஒரு பொம்பிளை வெளிக்குப் போகிறேன் என்றால் எங்கே, ஏன், எவ்வளவு நேரம் என்று கேட்க அவருக்கு வாய் வராது. முகத்தைத் திருப்பிக்கொண்டு மேல்துண்டால் விசிறிக்கொள்வார். உரலின் விளிம்பில் இடித்தால் உரல் பிளந்துபோகும் என்று மட்டும் அம்மாவுக்கு யார் மூலமாகவோ சொல்லியனுப்பினார். அம்மா உரலிடம், "நீ ஒண்ணும் ஒடைய மாட்டேன்னு சொல்லு" என்றாளாம்.

இரண்டு மாதம் எங்கள் ராஜ்யம் நடந்தது. ஆறு குழந்தைகளுக்கும் கன்னத்தில் சதை பிடித்தது. எனக்கோ கர்வம் தலைக்கு ஏறிவிட்டது. ஒரு கூழாங்கல்லை வைத்துக்கொண்டு உள்ளே இருக்கிற பெரிய மனுஷிகளை நான் நினைத்த நேரத்துக்கு எழுப்பி வரவழைக்கிறேன் என்றால் சும்மாவா? ஒரு தடவை பசியே இல்லாமல் அணைக்கட்டுக்காரியைக் கூப்பிட்டுப் பார்த்து, தலையில் குட்டும் வாங்கினேன்.

பட்டைத் தூள் கம்மியாக வருகிறது என்று முதலாளி கேட்டபோதுதான் பெரியப்பா விழித்துக்கொண்டார். அவருக்குத் தந்தியைப் பற்றித் தெரியாது, கடைசி வரைக்கும் தெரியவில்லை. "இன்னாது, எல்லாருக்குமா தெனம் வயித்தால போவுது?" என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறார். அப்பா, "நீ சொன்னா சரிதாண்ணே" என்றாராம். மறு சந்தைக்குப் பெரியப்பா திருப்பத்தூர் போய் ஒரு திண்டுக்கல் பூட்டு வாங்கி வந்தார். என் இரண்டு கை சேர்ந்தாலும் கொள்ளாது, அத்தனை பெரிசு. புது எண்ணெய் மினுமினுப்போடு பின்கதவில் அது தொங்கியது. சாவி திரும்பும்போது உள்ளே கணீரென்று ஒரு சத்தம் வரும். வெளிக்குப் போகிறவர்கள் காலையில் ஒரு தரம், மத்தியானம் ஒரு தரம் போனால் போதும் என்றார். அந்தப் பூட்டை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதை இங்கே சொல்லாமல் விட்டால் பொய் சொன்னதாகிவிடும்.

பூட்டு வந்த மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, கத்திரி வெயில். ஆலங்காயத்துக்காரியின் குழந்தை காலையிலிருந்தே கக்கிக்கொண்டிருந்தது. நான் துடைத்துவிட்டேன். பிறகு வயிற்றால் போனது. பிறகு அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தது. குழாயில் மூன்று தட்டினேன். உள்ளே அம்மாவின் உலக்கை உரல் விளிம்பில் மூன்று தட்டியது. யாரும் வரவில்லை. மறுபடி மூன்று, மறுபடி மூன்று. எங்கள் தந்தியில் இருந்தது ஆறு பேர்தான். உடம்பு சரியில்லை என்பதற்குத் தட்டு வைத்துக்கொள்ள எங்களுக்குத் தோன்றவில்லை. வெயிலில் குழாய் பழுக்கக் காய்ந்து கை சுட்டது. கல்லின் மேல் துணியைச் சுற்றிக்கொண்டு தட்டினேன். மணி அடித்துக் கதவு திறந்தபோது ஆலங்காயத்துக்காரி எல்லாருக்கும் முன்னால் ஓடி வந்தாள். குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு ஊருக்குள் இருந்த வைத்தியரிடம் ஓடினாள். சாயங்காலம் குழந்தை போய்விட்டது.

சூடு என்றார்கள், மாந்தம் என்றார்கள், பல் முளைக்கிற நேரம் என்றார்கள். பூட்டு என்று ஒருவரும் சொல்லவில்லை. குழந்தைக்குப் போர்த்த புதுத்துணி கொண்டுவந்தவர் பெரியப்பாதான். கொடுத்துவிட்டுத் தெருவில் நின்று துண்டில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அவர் கெட்டவர் இல்லை, அதுதான் பேஜாரே. மறுநாள் காலையில் வந்து வழக்கம்போல் பூட்டைப் பூட்டினார்.

நான் மட்டும் ஒன்றை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். கல்லில் துணி சுற்றியதால் சத்தம் உள்ளே போயிருக்காது, அம்மாவின் தட்டும் ஏதோ வேறாக விழுந்திருக்கும், ஆலங்காயத்துக்காரிக்குக் கேட்டிருக்காது. என் தப்பால்தான் அவள் வரவில்லை. இந்த நினைப்பில் எனக்குச் சோறு இறங்கவில்லை. ராத்திரி பாயில் படுத்துக்கொண்டு தரையில் விரலால் மூன்று மூன்றாகத் தட்டிப் பார்ப்பேன்.

பத்து நாள் கழித்து ஆலங்காயத்துக்காரி வேலைக்குத் திரும்பினாள். மதிலுக்கு வெளியே இப்போது ஐந்து தூளிகள். அவள் திரும்பி வந்த அன்று வெயில் ஏறிய வேளையில் என் தம்பி அழ ஆரம்பித்தான். வெறும் பசிதான், ஆனால் அவன் அழுகிற விதம் எனக்குப் பயமாக இருந்தது. இந்தத் தடவை துணியெல்லாம் சுற்றவில்லை. கை சுட்டாலும் பரவாயில்லை என்று வெறுங்கல்லால் ஓங்கித் தட்டினேன். இரண்டு, நிறுத்தி, இரண்டு.

உள்ளேயிருந்து அம்மாவின் பதில் வந்தது. ஆனால் அது எங்கள் தட்டு இல்லை. ஒன்று, நிறுத்தி, இரண்டு. அணைக்கட்டுக்காரியின் பையன் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தான். நான் திகைத்துப் போனேன். அம்மா தவறாகக் கேட்டுவிட்டாள் என்று மறுபடியும் இரண்டு இரண்டாகத் தட்டினேன். அம்மா அதைச் சட்டைசெய்யவில்லை. அடுத்தவளுடைய தட்டைத் தட்டினாள். அதற்கடுத்தவளுடையதை. ஒவ்வொரு தட்டுக்கும் உள்ளே ஒரு உலக்கையின் சத்தம் குறைந்தது. குழந்தை இல்லாத பெண்களின் உலக்கைகளும் ஒவ்வொன்றாக நின்றன. கடைசியாக, மெதுவாக, நிறுத்தாமல் மூன்று.

அந்தக் குழந்தைதான் இல்லையே. அம்மாவுக்கு மறந்துபோய்விட்டதா? எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது. அதற்குள் கடைசி உலக்கையும் நின்றது. நான் பிறந்ததிலிருந்து வேலை நேரத்தில் அந்த ஷாப்பு சத்தமில்லாமல் இருந்ததே இல்லை. தொட்டியில் தோல் புரளுகிற சத்தம் கூட மதிலைத் தாண்டிக் கேட்டது.

"இன்னா ஆச்சு? மணி அடிக்கலையே. எதுக்கு நிறுத்தனீங்க?" பெரியப்பாவின் குரல்.

அப்புறம் அம்மாவின் குரல் மதிலைப் பார்த்து வந்தது. "பாப்பா, காதுல வுழுதா?"

"வுழுதும்மா."

"உங்க பெரிப்பா கிட்ட சொல்லு. கதவத் தொறந்தாத்தான் ஒலக்கை எழும்பும்னு சொல்லு."

பெரியப்பா அவளுக்கு நாலு முழத்தில் நின்றிருக்கிறார். நான் ஆள் உயர மதிலுக்கு அந்தப்பக்கம். ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே. தொண்டை கிழியக் கத்தினேன். "பெரிப்பா, கதவத் தொறந்தாத்தான் ஒலக்கை எழும்புமாம்."

"இந்த வேலையெல்லாம் வேணாம்னு உங்கம்மா கிட்ட சொல்லு. முதலாளி காதுக்குப் போச்சுன்னா வேல போயிடும். உங்கப்பன் வேலயும் சேந்து போயிடும்."

இரண்டு பேர் வேலையும் போனால் களிக்கும் வழியில்லை என்பது ஒன்பது வயதிலும் தெரியும். இருந்தாலும் ஒரு சொல் விடாமல் ஒப்பித்தேன்.

"போவட்டும்னு சொல்லு" என்றாள் அம்மா.

"போவட்டுமாம் பெரிப்பா."

"மணி அடிக்க இன்னும் கொஞ்ச நேரந்தானே இருக்குது. அதுவரைக்கும் பொறுக்கக் கூடாதான்னு கேளு பாப்பா." அவர் குரல் இறங்கியிருந்தது.

"அன்னிக்குப் பொறுத்தோம்னு சொல்லு."

என்றைக்கு என்று எனக்குப் புரியவில்லை. தூது போகிறவளுக்கு எதற்கு அது? "அன்னிக்குப் பொறுத்தாங்களாம்" என்று கத்தினேன். தம்பி அழுது தொண்டை கட்டிக் கமறினான். ஐந்து தூளிகளை ஒற்றை ஆளாக ஆட்டி ஆட்டி என் தோள்பட்டை இற்றுப்போயிருந்தது. சரி, கேட்கிறதுதான் கேட்கிறோம் என்று நானாகவே ஒன்றைச் சேர்த்தேன். "தூளியெல்லாம் பழயபடி உள்ளாறயே கட்டணுமாம் பெரிப்பா."

இதை அம்மா சொல்லவே இல்லை. சொல்லவில்லை என்பது உள்ளே நின்ற எல்லாருக்கும் தெரியும், பெரியப்பாவுக்கும் தெரியும். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அம்மா மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. சற்று நேரத்தில் பூட்டு கணீரென்றது.

பெண்கள் வெளியே வந்து ஆளுக்கொரு குழந்தையைத் தூக்கிக்கொண்டார்கள். அம்மா வரவில்லை. பெரியப்பா மனசு மாறுவதற்குள் தூளியைக் கட்டிவிட வேண்டும் என்று உள்ளே உத்தரத்தில் ஏறிக் கயிறு போட்டுக்கொண்டிருந்தாள். கடைசியாக, அவசரமே இல்லாமல், ஆலங்காயத்துக்காரி வந்தாள்.

"அம்மா ஒனக்குத் தப்பாத் தட்டிட்டாங்கக்கா" என்றேன்.

அவள் என் இடுப்பிலிருந்து தம்பியை வாங்கிக்கொண்டு, மரத்துக்கு அந்தப்பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அழுகை சட்டென்று நின்றது. மடக் மடக்கென்று அவன் குடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. அத்தனை பாலை அவன் ஒரே தடவையில் குடித்து நான் பார்த்ததில்லை. அவள் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. கேட்டுவிட இதுதான் சமயம் என்று பட்டது. பக்கத்தில் போய் நின்றேன்.

"அக்கா, அன்னிக்கு நான் தட்டுனது ஒனக்குக் கேக்கலையா?"

அவள் தம்பியின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். "கேட்டுச்சு பாப்பா. மொத தட்டுலேர்ந்து கேட்டுச்சு. ரெண்டு வாட்டி வெளிக்குப் போவணும்னு கேட்டேன், சாவி குடுக்கல. பசிக்கித்தான் அழுவுதுன்னு இடிச்சிக்கிட்டே இருந்தேன். கடைசி வரைக்கும் கேட்டுச்சு."

என் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. கேட்டிருக்கிறது. துணி சுற்றியும் கேட்டிருக்கிறது. இத்தனை நாள் வீணாகப் பயந்திருக்கிறேன். ஒரே ஓட்டமாகக் கொட்டகைக்குள் ஓடி, உத்தரத்தின் மேல் இருந்த அம்மாவிடம், "அம்மா, நான் அன்னிக்கு சரியாத்தான் தட்டியிருக்கேன். அக்காவுக்குக் கடைசி வரைக்கும் கேட்டுச்சாம்" என்று சொன்னேன். சபாஷ் என்று ஒரு வார்த்தை வரும் என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

அம்மாவின் கை கயிற்றில் அப்படியே நின்றது. பிறகு இறங்கினாள். முக்காடு நழுவியிருந்தது, அதை இழுத்துவிட்டுக்கொள்ளவில்லை. பின்கதவருகில் பெரியப்பா நின்றிருந்தார். அவர் முன்னால் போய், அவர் முகத்தை நேராகப் பார்த்தபடியே நாதாங்கியில் தொங்கிய பூட்டைச் சாவியோடு கழற்றி எடுத்தாள். பெரியப்பாதான் தலையைக் குனிந்துகொண்டார். அம்மா நேரே தொட்டிப் பக்கம் நடந்துபோய், பூட்டைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வீசினாள். தொட்டிக்குள் இடுப்பளவில் நின்ற அப்பா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார், தூரத்தில் நின்ற அண்ணனைப் பார்த்தார். அப்புறம் கையில் இருந்த கழியால், பூட்டு விழுந்த இடத்தில் இரண்டு தோலை இழுத்துப் போட்டு, நன்றாக அழுத்தி உள்ளே தள்ளினார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. நல்ல செய்தி கொண்டு வந்தவளுக்கு ஒரு சபாஷ் இல்லை. அதோடு, அது நல்ல பூட்டு, புத்தம் புதுசு. அதன் மேல் அம்மாவுக்கு ஏன் அத்தனை கோபம் என்று அன்றைக்கு எனக்கு விளங்கவே இல்லை.